கெட்டி மேளமும் கேட்-6 கேபிளும்!

'எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், மூணாவது வருஷம்' என்று சொந்தக்காரர்கள் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷமே ஓடாத மிக்ஸியையோ, வேலை செய்யாத ரிமோட்டையோ கையில் கொடுத்து, 'என்னன்னு பாரேன்பா' என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு படி மேலே போய் அக்காவின் கல்யாணத்தையே என் கையில் கொடுத்துவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. வாயை விட்டது நான்தான்!

இந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மேலூரில் ஒரு மண்டபம். மணமேடை மாடியில், சாப்பாட்டுக் கூடம் கீழே. நடுவில் 28 படிகள். லிஃப்ட் கிடையாது. பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. 'ஏங்க... அத்தை எப்படி மேல ஏறுவாங்க?'

அம்மாவுக்கு அத்தை, எங்களுக்கு அப்பத்தா. வயசு 81. இரண்டு முழங்காலும் நிரந்தர ஸ்ட்ரைக். அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு எங்களுடையது. அக்காவுக்கு முதல் ஜடை பின்னியதில் ஆரம்பித்து, சைக்கிளில் விழுந்த காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டது வரை எல்லாமே அப்பத்தா டிபார்ட்மென்ட்தான். அவர் பார்க்காமல் அக்கா கழுத்தில் தாலியா?

'சேர்ல உட்கார வெச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போயிடலாம்மா' என்றார் சித்தப்பா. அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே ஒரே வரியில் முடித்துவிட்டார். 'என்னைய நாலு பேர் தூக்கிட்டுப் போற நாள் வரும்டா. அது என் பேத்தி கல்யாணத்தன்னிக்கு வேணாம்.'

வீடே கப்சிப். அப்போதுதான் நான் திருவாய் மலர்ந்தேன். 'கீழ ஒரு டி.வி. வெச்சு, மேல நடக்கறதை அப்படியே காட்டிடலாம்பா.'

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூணு வருஷ ஃபீஸ் ரசீதும் தெரிந்தது. 'நெசமாவே முடியுமாடா?'

'ஈஸிப்பா. ஒரு ஒயர் இழுக்கணும். அவ்வளவுதான்!'

அந்த 'அவ்வளவுதான்' படுத்திய பாடு இருக்கிறதே...

18 செகண்ட் தாலி!

ஹாஸ்டலில் எங்கள் ரூமே கூடி ஆலோசித்தது. 'இதுக்கு எதுக்கு மச்சி ஒயரு? மேல ஒரு மொபைல்ல லைவ் போடு, கீழ டி.வி-யில ஓப்பன் பண்ணு. வேலை முடிஞ்சுது' என்றான் ரூம்மேட். நல்ல ஐடியாதான். டெஸ்ட் செய்தோம். அவன் வராந்தாவில் நின்று கை தட்டினான். நான் ரூமில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... பதினெட்டு எண்ணி முடித்ததும்தான் ஸ்கிரீனில் அவன் கை தட்டினான்!

காரணம் சிம்பிள். மொபைல் முதலில் வீடியோவைச் சுருக்கும். சுருக்கியது எங்கேயோ இருக்கும் சர்வருக்குப் போகும். அங்கே துண்டு துண்டாக வெட்டப்படும். பார்க்கிற பக்கம் நடுவில் நிற்காமல் ஓட, சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும். பக்கத்து ரூம் டி.வி-யில் விக்கெட் விழுந்து 'ஓ'ன்னு கத்துவார்கள். நம் மொபைலில் அப்போதுதான் பவுலர் ஓடி வந்துகொண்டிருப்பார். அதே கதைதான்.

கிரிக்கெட் என்றால் சகித்துக்கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மாடியில் கெட்டி மேளம் முழங்குகிறது. அந்தச் சத்தம் படிக்கட்டு வழியாக நேராகக் கீழே வந்துவிடும். ஆனால், டி.வி-யில் மாப்பிள்ளை அப்போதுதான் வேட்டியைச் சரி செய்துகொண்டிருப்பார். கையில் அட்சதையோடு உட்கார்ந்திருக்கும் அப்பத்தா அதை எப்போது போடுவார்? சத்தத்துக்கா, படத்துக்கா? முகூர்த்தம் என்றாலே நேரம்தானே பாஸ்!

ஸோ, லைவ் கட். ஒயர்தான்.

கேமராவிலும் டி.வி-யிலும் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கிறதே, நீளமாக ஒரு கேபிள் வாங்கினால் போதாதா? மண்டபத்துக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். மணமேடையிலிருந்து படிக்கட்டு வழியாகச் சாப்பாட்டுக் கூடம் வரை 42 மீட்டர். எச்.டி.எம்.ஐ. 2002-ல் வந்தபோது, டி.வி-யையும் பக்கத்திலேயே இருக்கும் டி.வி.டி. பிளேயரையும் இணைப்பதுதான் அதன் முக்கிய வேலை. சாதாரண செம்புக் கேபிளில் 10, 15 மீட்டர் தாண்டினாலே முழு எச்.டி. படத்துக்கு மூச்சு வாங்கும். கண்ணாடி இழை வைத்த எச்.டி.எம்.ஐ. கேபிள் ரொம்ப தூரம் போகும். ஆனால், சாம்பார் வாளியோடு ஆட்கள் ஓடுகிற வழியில் அது ஓரிடத்தில் மடிந்து உடைந்தால், வெட்டி ஒட்ட வழியில்லை.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லேப்பில் நின்றவனை லேப் அசிஸ்டென்ட் அண்ணா செமினார் ஹாலுக்கு அழைத்துப் போனார். மேலே கூரையில் ப்ரொஜெக்டர். கீழே மேடையில் லேப்டாப். 'இதுக்கும் அதுக்கும் நடுவுல என்ன போகுதுன்னு நினைக்கிற?' என்று பின்பக்கம் காட்டினார். நம் கம்ப்யூட்டர் லேப்பில் கிடக்குமே, அதே நெட்வொர்க் கேபிள்! இரண்டு முனையிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி. ஒன்று எச்.டி.எம்.ஐ-யை வாங்கி கேபிளில் ஏற்றும். இன்னொன்று இறக்கி எச்.டி.எம்.ஐ-யாகத் திருப்பிக் கொடுக்கும். 'எச்.டி.பேஸ்-டி' என்று பெயர்.

ஒரு குட்டிக் கணக்கு... தூங்காதீங்க!

முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட்! எச்.டி.எம்.ஐ. தன் பங்குக்குப் போடும் இடைவெளிகளையும் குறியீடுகளையும் சேர்த்தால் 445 கோடி. நாம் பெருமையாகச் சொல்லும் 'கிகாபிட்' நெட்வொர்க்கே நொடிக்கு 100 கோடிதான். அதே கேபிளில் இது எப்படிப் போகும்?

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு ஒயர்கள், நான்கு ஜோடிகளாக முறுக்கி இருக்கும். எச்.டி.பேஸ்-டி ஒவ்வொரு ஜோடியிலும் வோல்டேஜை 16 படிகளாகப் பிரிக்கிறது. 16 படி என்றால் ஒரே அசைவில் 4 பிட். நொடிக்கு 50 கோடி அசைவு. 50 கோடியை நாலால் பெருக்கி, நாலு ஜோடிக்கு மறுபடி நாலால் பெருக்கினால் 800 கோடி! படத்தைச் சுருக்கவே வேண்டாம். அதனால் கண்ணுக்குத் தெரிகிற தாமதமும் இல்லை. 2010-ல் வேலன்ஸ் என்ற இஸ்ரேல் சிப் கம்பெனியோடு எல்.ஜி., சாம்சங், சோனி பிக்சர்ஸ் சேர்ந்து ஆரம்பித்த கூட்டணி இது. 100 மீட்டர் வரை படம், ஒலி, நெட்வொர்க், ரிமோட் கட்டளை, கரன்ட் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் அனுப்பலாம் என்பதுதான் இதன் பெருமை.

'ஆனா ஒண்ணு தம்பி... பிளக்கு நெட்வொர்க்கோடதுதான், பாஷை வேற. நடுவுல ஸ்விட்ச் கிஸ்விட்ச்ல சொருகிடாத. பெட்டிக்குப் பெட்டி நேராப் போகணும்' என்று எச்சரித்தார் அண்ணா. எச்.ஓ.டி-யிடம் லெட்டர் எழுதிக் கொடுத்து ஸ்பேர் பெட்டி ஜோடியை வாங்கினேன். 70 மீட்டர் வரை போகும் ரகம். 'திங்கட்கிழமை காலையில டேபிள்ல இருக்கணும்' என்பது கண்டிஷன்.

அடுத்து ரிச்சி ஸ்ட்ரீட். 'கேட்-6 ஐம்பது மீட்டர்' என்றதும் கடைக்காரர், 'காப்பரா, சி.சி.ஏ-வா?' என்றார். சி.சி.ஏ. என்றால் உள்ளே அலுமினியம், மேலே மட்டும் செம்பு முலாம். விலை குறைவு. ஆனால் தடை அதிகம், தூரம் போனால் சிக்னல் சோர்ந்துவிடும். முழுச் செம்பையே வாங்கினேன். கூடவே பிளக் மாட்ட ஒரு கிரிம்பிங் டூல், எட்டு லைட் எரியும் ஒரு டெஸ்டர். அந்த மாசம் கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஹாஸ்டலில் 3 மீட்டர் ரெடிமேட் ஒயரை வைத்து டெஸ்ட் பண்ணினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சட்டைக் காலரை நான் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஜோடி மாறிடுச்சு தம்பி!

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மதியமே கேபிளை இழுத்து, இரண்டு முனையிலும் நானே பிளக் மாட்டினேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி... வரிசையாக, அழகாக. டெஸ்டரில் எட்டு லைட்டும் ஜம்மென்று எரிந்தது. வீடியோகிராஃபர் அண்ணன் மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் நிற்கும் இரண்டாவது கேமராவைத் தந்தார். சொருகினேன்.

கீழே டி.வி-யில் அக்கா தெரிந்தாள். கூடவே கேமராவின் பேட்டரி படமும், சிவப்பு எழுத்தில் ஏதேதோ நம்பரும். 'அது என்னடா அக்கா தலைக்கு மேல?' என்றார் அப்பத்தா. மேலே ஓடி கேமரா மெனுவில் அந்த அடையாளங்களை நிறுத்திவிட்டு, கீழே ஓடி வந்தேன்.

வந்து பார்த்தால், அக்கா முகம் முழுக்க வெள்ளைப் பொரி! புள்ளி புள்ளியாக மினுக்குகிறது. இரண்டு நிமிஷத்தில் படம் கறுப்பு. 'நோ சிக்னல்.' பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். வந்தது. போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. மாடியில் சீரியல் செட் லைட் போட்டதும் மொத்தமாகப் போயே போச்சு.

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் விடுவார்களா? 'தம்பி இன்ஜினீயரிங்கா?' என்றார் ஒரு மாமா, அப்பளத்தை நொறுக்கியபடி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அப்பத்தா என் கையைப் பிடித்து, 'பரவாயில்லடா, போட்டோவுல பார்த்துக்கறேன். நீ சாப்பிடு' என்றார் பாருங்கள்... அதைத் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ராத்திரி பதினொன்றரைக்கு அப்பா ஒருவரை அழைத்து வந்தார். எங்கள் தெருவுக்கு டிஷ் ஆன்டெனா காலத்திலிருந்து கேபிள் டி.வி. கொடுக்கிற அண்ணன். இப்போது வீடு வீடாக நெட் கனெக்‌ஷன் இழுக்கிறார். கைலி, தோளில் துண்டு. டெஸ்டரைத் தொடக்கூட இல்லை. என் பிளக்கை லைட்டுக்கு நேராகத் தூக்கிக் கலர்களைப் பார்த்தார். சிரித்தார்.

'கல்யாண வீட்ல ஜோடியை மாத்தி வெச்சிருக்கியே தம்பி!'

எனக்குப் புரியவில்லை. 'அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே வரிசைதான். எட்டு லைட்டும் எரியுது.'

'லைட்டு எரியும். எந்த ஒயரு எங்க போகுதுன்னுதான் லைட்டு பார்க்கும். எது எதோட ஜோடின்னு அதுக்குத் தெரியாது. பிளக்குல ஒண்ணும் ரெண்டும் ஜோடி, ஏழும் எட்டும் ஜோடி. நடுவுல நாலும் அஞ்சும் ஜோடி. அந்தக் காலத்து டெலிபோனுக்கு ஒதுக்குன இடம் அது. அதைத் தாண்டி மூணும் ஆறும் ஜோடி. நீ பச்சையை மூணுலயும் நாலுலயும் வெச்சுட்ட. இப்ப மூணாவது ஒயரு பச்சைக்காரன், ஆறாவது ஒயரு நீலக்காரன். ரெண்டு பேரும் ஒண்ணா முறுக்கின ஆளுங்க இல்லையே!'

எனக்குத் தலையில் மணி அடித்தது. போன செமஸ்டரில் இதே விஷயத்துக்கு 13 மார்க் பதில் எழுதியவன் நான். ஜோடியில் ஒரு ஒயரில் சிக்னல் ஏறினால் இன்னொன்றில் அதே அளவு இறங்கும். அந்தப் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஒன்றோடொன்று முறுக்கி இருந்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே அளவு ஏறும். கழித்தால் காணாமல் போகும். கிரஹாம் பெல் 1881-லேயே பேடன்ட் வாங்கிய சமாச்சாரம். பரீட்சையில் படம் போட்டு, பாகம் குறித்து எழுதினேன். கையில் ஒயரைப் பிடித்தபோது ஞாபகம் வந்ததா? கலர் மேட்சிங்தான் வந்தது!

அண்ணன் என் பிளக்குகளை வெட்டி எறிந்தார். 'நீயே பண்ணு. நான் சொல்றேன்' என்று டூலை என்னிடமே கொடுத்தார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை நான் ரெண்டு இஞ்சுக்குப் பிரித்ததும் கையில் ஒரு தட்டு. 'அரை இஞ்சுக்கு மேல பிரிக்காத. பிரிச்ச இடத்துலதான் இரைச்சல் நுழையும்.' அப்புறம் கேபிள் போகும் வழியைப் பார்த்தார். அழகாக இருக்கட்டும் என்று சீரியல் செட் ஒயரோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார். 'கரன்ட் ஒயரோட கூட ஓட விடாத, ஒரு அடியாச்சும் தள்ளிப் போகட்டும். குறுக்க போயே ஆகணும்னா நேர் குறுக்கா தாண்டிப் போ.'

ராத்திரி ஒரு மணி. சொருகினோம். காலி மணமேடை டி.வி-யில் அசையாமல் நின்றது. அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தக் காலி மேடையையே பார்த்தோம். ஒரு புள்ளி மினுக்கவில்லை. காசு நீட்டியதற்கு, 'காலையில பந்தியில கவனி' என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

டி.வி-க்கு அட்சதை!

காலை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். அப்பத்தா பட்டுப்புடவையில், டி.வி-க்கு நாலடி தள்ளி, முதல் வரிசையில். ஒரு பித்தளைத் தட்டில் மஞ்சள் அட்சதை. மாடிக்கு ஏற முடியாத இன்னும் ஏழெட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் சேர் போட்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் எங்கிருந்து வந்தார்கள்? அதுவரை ஒருவரும் 'எனக்கு ஏற முடியாது'னு வாய் திறக்கவில்லையே!

நான் மேலே நின்றிருக்க வேண்டியவன். பொண்ணுக்குத் தம்பி ஆயிற்றே. ஆனால், கால் நகரவில்லை. ஒரு கண் டி.வி-யில், ஒரு கண் பெட்டியின் பச்சை லைட்டில். எல்லா சாமியையும் கூப்பிட்டாச்சு.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். மாடியில் யாரோ விரலை ஆட்ட, கெட்டி மேளம்! படிக்கட்டு வழியாக இறங்கிய தவில் சத்தமும், டி.வி-யில் வந்த தவில் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து கூடத்தையே அதிரவைத்தது. திரையில் மாப்பிள்ளையின் விரல்கள் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தன. அந்த நொடியேதான்.

அப்பத்தா எழுந்து நின்றார். நாற்காலிப் பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்சதையை அள்ளி டி.வி. மேலேயே போட்டார். 'நல்லாயிருடி தங்கம்.' மற்ற பெரியவர்களும் போட்டார்கள். நானும் போட்டேன். எங்கள் வீட்டு 43 இன்ச் டி.வி-க்குத்தான் அன்றைக்கு முதல் ஆசீர்வாதம்!

அப்புறம்தான், பொரி போட மச்சானைத் தேடுகிறார்கள் என்று தெரிந்து 28 படிகளையும் நாலு தாவில் ஏறினேன். அக்கா முறைத்தாள். 'தாலி கட்டும்போது எங்கடா போன?' 'அப்பத்தாகூட பார்த்துட்டிருந்தேன்' என்றேன். அவள் உடனே கேட்டது ஒன்றுதான். 'அப்பத்தா பார்த்துச்சா?' நான் தலையாட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேக்கப் அக்காவிடம் எனக்குத்தான் திட்டு.

பந்தியில்தான் கிளைமாக்ஸ். மேலே இருந்தவர்கள் இறங்கி வந்து ஒரே புலம்பல். 'தாலி கட்டுறதை எங்க பார்த்தோம்? வீடியோக்காரர் முதுகைத்தான் பார்த்தோம்!' அப்பத்தா கெத்தாகச் சொன்னார். 'மாப்பிள்ளைக்குக் கை நடுங்குச்சு. ரெண்டாவது முடிச்சு நழுவிப் போயி மறுபடி போட்டாரு. நீங்கள்லாம் பார்க்கலையா?' கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். முதல் நாள் அப்பளம் நொறுக்கிய மாமா, 'தம்பி, எங்க பொண்ணு கல்யாணமும் மாடியிலதான்' என்று என் நம்பர் வாங்கிக்கொண்டார். நான் அவருக்குக் கேபிள் அண்ணன் நம்பரையும் சேர்த்தே கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை. பெட்டிகளை லேப் அசிஸ்டென்ட் அண்ணாவின் டேபிளில் வைத்தேன். டி.வி. பக்கம் இருந்த பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ 'கலகல'. காற்றோட்ட ஓட்டை வழியாக ஒரு மஞ்சள் அரிசி டேபிளில் விழுந்தது.

'என்னடா இது?'

'அட்சதைண்ணா. கரெக்ட் டைம்ல வந்து சேர்ந்துச்சு' என்றேன்.